2017 வி-கிராஸுக்கு பிஎஸ்-6 வண்டியின் முன் ஷாக் சேருமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2017 இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டி, 2.5 லிட்டர், ஃபோர் வீல் டிரைவ். கொல்லிமலைக்கு லோடு ஏற்றி ஏற்றி முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் தேய்ந்துவிட்டன. இடது பக்கம் ஆயில் கசிந்து புழுதி அப்பிக் கிடக்கிறது.

1.9 லிட்டர் பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வி-கிராஸில் கழற்றிய ஜோடி ஒன்று ஸ்பிரிங்கோடு கிடைக்கிறது. இரண்டு மாடலிலும் முன்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), காயில் ஸ்பிரிங்தான். அதை மட்டும் நம்பி வாங்க முடியாதே! கீழ் புஷ் போல்ட், மேல் மவுண்ட் துளைகள், மொத்த நீளம், ஸ்பிரிங் சீட் உயரம் எல்லாம் சேர வேண்டும். இன்ஜின் வேறு என்பதால் ஸ்பிரிங் விறைப்பும் வேறாக இருக்கலாம். முன்பக்கம் தூக்கிக்கொண்டால் சக்கர அலைன்மென்ட் கெட்டு டயரைத் தின்றுவிடும்.

யாராவது இப்படி மாற்றி ஓட்டுகிறீர்களா? என் பழைய ஸ்பிரிங்கை அந்த ஷாக்கில் ஏற்றலாமா? பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் ஷாக்கில் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.