தம்பியின் பழைய தண்டனையும் ஷொட்கன் சான்றிதழும்: ஐந்து ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

வெள்ளவத்தையிலிருந்து கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் அம்மாவுடன் வசிக்கிறேன். என்னுடைய ஒரே தம்பி பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறான். இப்போது லிங்கன்ஷயரில் ஒரு மரக்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறான். கோவாப் பயிரைக் காட்டுப் புறாக்கள் கூட்டமாக வந்து குதறிவிடுவதால், ஷொட்கன் எனப்படும் சிதறு ரவைத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கான சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்படி பண்ணைக்காரர் அவனிடம் சொல்லியிருக்கிறார். அதில்தான் எங்களுக்குச் சிக்கல்.

2019 நவம்பரில் ஒரு பிறந்தநாள் விருந்து முடிந்து வெளியே வந்த இடத்தில் வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, தம்பி உட்பட மூவரைப் பொலிஸார் கைது செய்தார்கள். கொரோனாக் காலத்தில் நீதிமன்றங்கள் முடங்கியதால் வழக்கு இழுபட்டு, 2022 மார்ச் 9ஆம் திகதிதான் கிரவுன் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. ஆறு மாதச் சிறைத்தண்டனை 18 மாதங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவன் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை, அதன் பின்னர் அவன் மீது எந்த முறைப்பாடும் எழவுமில்லை.

ஐந்து ஆண்டுகள் கழிந்தால் விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து ஆண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணினால் 2024 நவம்பரிலேயே காலம் முடிந்துவிட்டது என்கிறார் என் மச்சான். ஒத்திவைப்புக் காலம் முடிந்த 2023 செப்டெம்பரிலிருந்து எண்ண வேண்டும் என்கிறார் தம்பியின் நண்பர். இன்னொருவர், சிறைக்கே போகாதவனுக்குத் தடை எதற்கு என்று கேட்கிறார். மேலும், விண்ணப்பப் படிவத்தில் இந்தத் தண்டனையைக் குறிப்பிட்டால் உடனே நிராகரித்துவிடுவார்களோ என்ற பயமும் அவனுக்கு இருக்கிறது.

கடந்த மாதம் வீடியோ அழைப்பில் தன் வீட்டுக் கொட்டிலைக் காட்டினான். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், பழைய கம்பளி ஒன்றில் சுற்றியபடி ஒரு சிறிய எயார் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சாத்தி வைக்கப்பட்டிருந்தது. எலிகளுக்காகக் கடையில் வாங்கினானாம். அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை என்பதால், அவனைத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவனாகச் சட்டம் பார்க்கவில்லை என்று நாங்கள் ஆறுதல் அடைந்தோம். எங்கள் நினைப்புச் சரிதானா என்று அறிந்தவர்கள் கூறினால் பெரிய உதவியாக இருக்கும்.

தெஹிவளையிலிருந்து பதில்

வணக்கம் அண்ணா. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி குறிப்பிட்ட காலம் கடந்த தண்டனைகள் காலாவதியானவையாகக் கருதப்படும். என்னுடைய அக்காவின் கணவர் அங்கே வேலைக்கு விண்ணப்பித்தபோது தன் பழைய தண்டனையைக் குறிப்பிடவேயில்லை. அது சட்டப்படி சரியென்றே அவருக்குச் சொல்லப்பட்டது. ஆகவே தம்பியும் இதைப் படிவத்தில் எழுதத் தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணியின் பதில்

அன்பின் சகோதரருக்கு, நான் லண்டனில் ஒரு குற்றவியல் சட்ட அலுவலகத்தில் சில காலம் பணியாற்றிவிட்டு இப்போது கொழும்பில் தொழில் செய்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பந்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் ஆறுதலாக எழுதிய அந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

அந்த எயார் ரைபிள் தம்பியிடம் இருக்கவே கூடாது. இங்கிலாந்தில் 12 அடி-இறாத்தலுக்கு மேற்படாத வலுவுள்ள எயார் ரைபிளைச் சாதாரணமாக ஒரு வயது வந்தவர் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் சான்றிதழ் தேவையா என்பது ஒரு கேள்வி, அந்த மனிதர் எந்தத் துப்பாக்கியையும் தொடத் தடைசெய்யப்பட்டவரா என்பது வேறொரு கேள்வி. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு இந்த இரண்டாவது கேள்விக்கு உரியது. அப்பிரிவின் தடை சான்றிதழ் தேவைப்படும் துப்பாக்கிகளோடு நின்றுவிடுவதில்லை. எயார் ரைபிளும் துப்பாக்கி ரவைகளும் அதற்குள் வருகின்றன. தடையை மீறி வைத்திருப்பது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். கடைக்காரர் விற்றார், யாரும் எதையும் கேட்கவில்லை என்பதெல்லாம் தடை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். 21ஆம் பிரிவு தண்டனையின் நீளத்தைப் பார்க்கிறதே தவிர, குற்றத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குத் தடை ஆயுள் முழுவதும் நீடிக்கும். மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுக்கு உட்பட்டும் சிறைத்தண்டனை பெற்றவருக்கு, விடுதலையான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் தடை இருக்கும். முன்பு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை இந்தத் தடைக்குள் வரவில்லை. நீங்கள் குறிப்பிட்ட இன்னொருவர் சிறைக்கே போகாதவனுக்குத் தடை எதற்கு என்று கேட்பது அந்தப் பழைய நிலையின் எச்சம் என்றே எண்ணுகிறேன். 2014ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட திருத்தம் அதை மாற்றிவிட்டது. இப்போது மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆன தண்டனை ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் ஐந்து ஆண்டுத் தடை உண்டு. அந்த ஐந்து ஆண்டு, தண்டனை விதிக்கப்பட்ட நாளுக்கு அடுத்த இரண்டாம் நாளில் தொடங்குகிறது.

ஆகவே சம்பவ நாளும் கணக்கில் இல்லை, ஒத்திவைப்புக் காலம் முடிந்த நாளும் கணக்கில் இல்லை. தம்பிக்கு 2022 மார்ச் 9இல் தண்டனை விதிக்கப்பட்டதென்றால், தடை மார்ச் 11இல் தொடங்கி 2027 மார்ச் 10ஆம் நாள் முடியும் வரை இருக்கும். 18 மாதம் என்ற எண் இதில் எந்த வேலையும் செய்வதில்லை, ஆறு மாதம் என்ற எண்தான் அவரைத் தடைக்குள் கொண்டுவருகிறது. நீதிமன்ற ஆணையின் பிரதியில் தண்டனை விதிக்கப்பட்ட திகதி எங்கே இருக்கிறதென்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். குற்றவாளி எனத் தீர்ப்பான திகதியும் தண்டனை விதித்த திகதியும் பல வழக்குகளில் வெவ்வேறாக இருக்கும், நினைவிலிருந்து சொல்லும்போது பலர் முதலாவதைச் சொல்லிவிடுவார்கள்.

தெஹிவளை நண்பர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார், ஆனால் இந்த விடயத்தில் அவருடைய ஆலோசனையைப் பின்பற்றினால் தம்பி புதிய குற்றம் ஒன்றைச் செய்தவராவார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் பல வேலை விண்ணப்பங்களில் காலாவதியான தண்டனையைச் சொல்லாமல் விட அனுமதிக்கிறது. துப்பாக்கிச் சான்றிதழுக்கான படிவத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காலாவதியானவை, வேகமாக வாகனம் ஓட்டியமைக்கான தண்டனைகள், நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்டவை, பிரித்தானியாவுக்கு வெளியே நடந்தவை உட்பட அனைத்தையும் எழுத வேண்டும். சான்றிதழ் பெறுவதற்காக அறிந்துகொண்டே பொய் சொல்வது தனிக் குற்றம். பொலிஸார் தங்கள் பதிவேட்டில் தேடுவார்கள், அங்கே இருக்கும் பதிவு படிவத்தில் இல்லையென்றால் 2019இல் நடந்ததைவிட இன்றைய மறைப்பே அவருக்கு எதிராகப் பெரிதாக நிற்கும்.

2027 மார்ச்சுக்குப் பிறகு சான்றிதழ் தானாகக் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். தடை நீங்குவது கதவு திறப்பது மட்டுமே. பொதுமக்களின் பாதுகாப்புக்கும் அமைதிக்கும் ஆபத்தின்றி இவரிடம் ஷொட்கன் இருக்கலாம் என்று அப்பகுதிப் பொலிஸ் தலைமை அதிகாரி திருப்தியடைய வேண்டும். கைகலப்பு வன்முறை சார்ந்த குற்றம் என்பதால் அதை அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். 2021 ஓகஸ்டில் பிளிமத் நகரின் கீஹாம் பகுதியில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவரின் ஷொட்கன் அதற்கு முன் ஒரு தாக்குதல் சம்பவத்தின் காரணமாகப் பறிக்கப்பட்டு, பின் அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. கொல்லப்பட்டவர்களில் ஒரு சிறு குழந்தையும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து பொலிஸார் கட்டாயம் கருத்திற்கொள்ள வேண்டிய வழிகாட்டல் நடைமுறைக்கு வந்தது, விண்ணப்பதாரரின் உடல், மன நலம் பற்றிய மருத்துவரின் தகவலும் வேண்டும் என்றாயிற்று. இந்தக் கடுமையைத் தம்பி தன்மீதான தனிப்பட்ட வெறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுத்தால் அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் கிரவுன் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். தடைக்காலத்துக்குள்ளேயே அதை நீக்கும்படி கிரவுன் நீதிமன்றத்தைக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எஞ்சியிருக்கும் காலத்தைப் பார்க்கும்போது, செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று அங்குள்ள சொலிசிட்டரிடம் கேட்டுத் தீர்மானிப்பதே நல்லது.

எயார் ரைபிளைப் பொறுத்தவரை, இன்றே ஒரு குற்றவியல் சொலிசிட்டருடன் தம்பி பேச வேண்டும். யாருக்காவது விற்கவோ, காரில் வைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவோ அவசரப்பட வேண்டாம், கொண்டு செல்லும் நேரத்திலும் அது அவர் கையில்தான் இருக்கிறது. எப்படி, யாரிடம் ஒப்படைப்பது என்பதைச் சொலிசிட்டரே ஒழுங்கு செய்யட்டும். இதைப் பற்றி மேலதிக விவரம் எதையும் இங்கே எழுத வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்

ஐயா, உங்கள் பதிலை வாசித்ததும் கை நடுங்கியது. அங்கே அதிகாலை நான்கு மணி என்றும் பாராமல் தம்பியை எழுப்பிப் பேசினேன். ஒரேயொரு விடயம் மட்டும் கேட்கிறேன். அடுத்த மாதம் பண்ணைக்காரரின் நண்பர்கள் களிமண் தட்டுக்களை வானில் எறிந்து சுடும் பயிற்சிக்கு அவனை அழைத்திருக்கிறார்கள். அந்த மைதானத்தில் சான்றிதழ் இல்லாதவர்களும் இரவல் துப்பாக்கியால் சுடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

சட்டத்தரணியின் பதில்

போகக் கூடாது. பொலிஸாரின் அங்கீகாரம் பெற்ற இடத்தில், அங்கீகாரம் பெற்ற நேரத்தில் சான்றிதழ் இல்லாதவர் செயற்கை இலக்குகளைச் சுடலாம் என்ற விலக்கு உண்மையில் இருக்கிறது. அந்த விலக்கு சான்றிதழ் இல்லாதவருக்கானது, தடைசெய்யப்பட்டவருக்கானது அல்ல. அதுமட்டுமன்றி, தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பவரும் குற்றம் செய்தவராவார். ஆகவே தம்பி அந்த நண்பர்களிடம் வெறுமனே நேரமில்லை என்று சொல்லி நழுவாமல், 2027 மார்ச் வரை தன்னால் துப்பாக்கியைத் தொட முடியாது என்று பண்ணைக்காரரிடமாவது நேராகச் சொல்லிவிடுவது அவர்களையும் காப்பாற்றும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு துணைக் கேள்வி

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இங்கே கொழும்பில், நீதவான் நீதிமன்றத்தில், காயம் ஏற்படுத்தியதாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவின் கீழ் வழக்கு இருந்தது. குற்றத் தீர்ப்பு வழங்காமலே, நன்னடத்தைப் பிணையில் என்னை விடுவித்தார்கள். மகளோடு வாழ இங்கிலாந்துக்குப் போகவிருக்கிறேன். அங்கே மருமகன் உறுப்பினராக இருக்கும் சுடுதல் கழகத்தில் சேர விரும்பினால், இதையும் சொல்ல வேண்டுமா?

சட்டத்தரணியின் பதில்

ஐயா, உங்களுக்குக் கிடைத்தது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழான கட்டளையாக இருக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டதாகக் கருதினாலும், ஆளின் வயது, குணம், முன்வரலாறு போன்றவற்றைப் பார்த்து, குற்றத் தீர்ப்பளிக்காமல் நீதவான் விடுவிப்பதற்கு அப்பிரிவு இடமளிக்கிறது. எங்கள் சட்டத்தின்படி அது குற்றத் தீர்ப்பு அல்ல என்று நீங்கள் சொல்வது சரியே. ஆனால் இங்கிலாந்தின் படிவம் நிபந்தனையுடனான விடுவிப்பையும் தண்டனை பெற்றதாகவே எண்ணி எழுதச் சொல்கிறது, வெளிநாட்டில் நடந்தவற்றையும் கேட்கிறது. உங்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்படாததால் 21ஆம் பிரிவின் தடை எழவில்லை. ஆயினும் எழுதிவிடுங்கள். புறப்படுவதற்கு முன்பே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, கட்டளையின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதியை எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு இங்குள்ள உறவினரை அதற்காக அலையவிடுவது மிகவும் கடினம்.

இலங்கையில் சுடுகலன் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடிவடைவதால், பழைய விவகாரங்கள் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் மீண்டும் பார்க்கப்படலாம் என்பது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விடயம். இங்கிலாந்தில் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதனாலேயே முதல் விண்ணப்பத்தில் சொல்லப்படும் உண்மைக்கு அங்கே அவ்வளவு கனம் இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து இறுதியாக

ஐயாவுக்கும் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தம்பி மறுநாளே ஒரு சொலிசிட்டரைச் சந்தித்தான். அவர் மூலமாக அந்தப் பொருள் அவன் வீட்டிலிருந்து முறைப்படி அகற்றப்பட்டுவிட்டது. மற்றவற்றை ஐயா சொன்னபடி இங்கே எழுதவில்லை. நீதிமன்ற ஆணையை எடுத்துப் பார்த்தபோது தண்டனை விதித்த திகதி 2022 மார்ச் 9 என்றே இருந்தது. நாங்கள் பிப்ரவரியா மார்ச்சா என்று இடையில் குழம்பியதற்குக் காரணம், குற்றத்தை அவன் ஒப்புக்கொண்ட நாள் பெப்ரவரியில் இருந்ததுதான்.

பண்ணைக்காரரிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த கோவாப் போகத்துக்கு வலை கட்டலாம் என்று சொன்னாராம். வலைக்கான அளவெடுக்கும் வேலையைத் தம்பியிடமே கொடுத்திருக்கிறார்.