தாமான்ல சித்திரைக்கு ஒரு குடும்ப நாள் வைக்கலாம்னு இருக்கோம், ஐடியா சொல்லுங்க

லோரோங் மூணு அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க இருக்கறது மலேசியாவுல, கெடா மாநிலத்து பீடோங் பக்கம் ஒரு தாமான் (வீட்டுக் குடியிருப்பு), முன்னாடி ரப்பர் தோட்டம், இப்ப சுத்தி செம்பனையும் வீடும்தான். என் தங்கச்சி அமெரிக்காவுல நியூ ஜெர்சில இருக்கா, அங்க பனி போய் ஏப்ரல் வந்துட்டா அவங்க ஏரியாவுல வாராவாரம் ஏதாவது ஒண்ணு நடக்குது, ஈஸ்டருக்குப் புல்லுல ஒளிச்சு வச்ச கலர் முட்டைய புள்ளைங்க தேடறது, வீட்டு வாசல்லயே பழைய சாமான் விக்கறது, 22ஆம் தேதி பூமி தினத்துக்கு அக்கம்பக்கம் சேர்ந்து பார்க்கைச் சுத்தம் பண்றதுன்னு ஒரே போட்டோவா அனுப்பிக்கிட்டே இருக்கா. அதப் பாத்துட்டு எங்க லோரோங் (சந்து) பொம்பளைங்க வாட்ஸ்அப் குரூப்ல நாமளும் வைப்போமேன்னு ஆரம்பிச்சாச்சு.

நமக்கு ஏது வசந்தம், வெயில் இல்லன்னா மழை. ஆனா சித்திரை இருக்கே. 2026ல புத்தாண்டு ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை, அன்னிக்கு கோயில், வீட்டுச் சமையல்னு போயிரும், அதனால அதுக்கு முன்னபின்ன ஒரு லீவு நாள்ல வைக்கலாம்னு நெனப்பு. மலாய்க்காரங்க வீடு, சீனங்க வீடு எல்லாம் கலந்து இருக்கு, அவங்களும் குடும்பத்தோட வரணும், அதான் முக்கியம். கையில பெருசா காசு கிடையாது. எந்த நாள் நல்லது, எத்தன மணிக்கு, புள்ளைங்களுக்கு என்ன விளையாட்டு, சாப்பாட்ட எப்படிப் பாக்கறது, யாராவது நடத்திப் பாத்தவங்க சொல்லுங்களேன்.

பால்மரத்துப் பையன்:

அக்கா, நமக்கு வசந்தம் இல்லன்னு சொல்லாதீங்க, பால்மரக் காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, வளந்தவனக் கேளுங்க. பிப்ரவரி வாக்குல வெயில் காய்ஞ்சு மரமெல்லாம் எல கொட்டி மொட்டையா நிக்கும், கொஞ்ச நாள்ல செம்பு கலர்ல கொழுந்து விடும், அப்புறம் பச்சையாகி பூவும் பூத்துரும். அந்த நேரம் பால் கொறஞ்சிரும், பால் வெட்டறவங்க வீட்டுல காசும் கொறஞ்சிரும், அதனால எங்கப்பாகிட்ட கொழுந்து அழகா இருக்குல்லன்னு சொன்னா நல்லா வாங்கிக் கட்டிக்குவேன். எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா அதெல்லாம் தாண்டி பால் திரும்ப வந்த பிறகுதான்.

குடும்ப நாள்னு தனியா ஒண்ணு அப்ப யாரும் வைக்கல. திருவிழாவுக்கு மறுநாள், காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக் களத்துலயே சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கறது, உறியடி எல்லாம் நடக்கும், மேல் லயத்து வீட்டு வரிசை ஒரு பக்கம், கீழ் லயம் ஒரு பக்கம். தோட்டம் போய் தாமானுக்கு வந்த பிறகு அவங்கவங்க கேட்டு, அவங்கவங்க பூட்டு.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மேடை போடாதீங்க. மேடை போட்டா மைக் வரும், மைக் வந்தா பேச்சு வரும், பேச வர்றவர் லேட்டா வருவாரு, அது வரைக்கும் புள்ளைங்க பிளாஸ்டிக் நாற்காலில வெயில் காஞ்சிக்கிட்டு இருக்கும். நான் போன ஒரு குடும்ப நாள்ல நன்றியுரை முடியறப்ப மணி பன்னெண்டு, சாக்கு மூட்டைய அவுக்கவே இல்ல. வர்றவங்க கைல ஏதாவது வேல குடுங்க, ஒருத்தர் கயிறு பிடிக்கட்டும், ஒருத்தர் தண்ணி கலக்கட்டும். சும்மா உக்காந்து பாத்தவன் அடுத்த வருஷம் வரமாட்டான் லா.

கேஆர்டி செயலாளர்:

மேடை வேணாம்னு தம்பி சொல்றது சரிதான், ஆனா ஒய்.பி. (தொகுதி மக்கள் பிரதிநிதி) ஆபீசுக்கு ஒரு அழைப்பு மட்டும் போட்டு வச்சுருங்க, கூப்பிடலன்னா அது வேற கதையாகும். வந்தாருன்னா கயிறு இழுக்கற பக்கம் நிக்க வச்சுருங்க, பேச்சே தேவைப்படாது.

நாள் விஷயத்துக்கு வர்றேன். ஏப்ரல் மொத வாரத்தத் தொடாதீங்க. பங்குனி உத்திரம் அப்பதான், பஹாங்ல மாரான் முருகன் கோயிலுக்கு பஸ் பிடிக்கற கூட்டம் உங்க தாமான்லயும் இருக்கும், அதோட 5ஆம் தேதி வாக்குல சிங் மிங், சீனங்க குடும்பமே கல்லறைக்குச் சாமி கும்பிடப் போயிரும். ரெண்டாவது வாரம் புத்தாண்டுக்கு வீடு கழுவற வாரம், நம்ம பொம்பளைங்களே வரமாட்டாங்க. நம்ம கெடாவுல வெள்ளி, சனி லீவு. வெள்ளிக்கிழமை வச்சா மலாய்க்கார ஆம்பளைங்க தொழுகைக்குக் கிளம்பணும், நெருக்கடியாயிரும், அதனால 18ஆம் தேதி சனிக்கிழமை காலைலதான் தோது. ராயா (நோன்புப் பெருநாள்) மாசம் முடியற நேரம், சில வீட்டுல அன்னிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு இருக்கலாம், அது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல, இருந்தாலும் முன்னாடியே கேட்டுருங்க.

உங்க தாமான்ல ருக்குன் தெத்தாங்கா (கேஆர்டி), அதான் அக்கம்பக்கக் குழு, இருக்கான்னு பாருங்க. 1975ல ராத்திரிக் காவலுக்குன்னு ஆரம்பிச்சதுதான், இப்ப குடும்ப நாள், கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யற பொது வேல) எல்லாம் அது மூலமா நடத்தலாம், தனி ஆளா லெட்டர் போடறதவிட சுலபம். திடல் மஜ்லிஸுக்கு (நகராட்சிக்கு) சொந்தம்னா அவங்களுக்கு ஒரு லெட்டர், பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர், ரெண்டுலயும் சாப் (முத்திரை) வாங்கி காப்பி வச்சுக்குங்க. கடைசி வாரத்துல போய் நிக்காதீங்க.

மணி எட்டுக்கு ஆரம்பிச்சு பதினொன்னரைக்குள்ள சாப்பாட்டுக்குப் போயிருங்க. நம்ம பக்கம் ஏழு மணி தாண்டித்தான் விடியும், அதுக்கு முன்னாடி யாரும் வரப்போறதில்ல. ஏப்ரல் பருவக்காத்து மாறுற நேரம், காலைல சுள்ளுன்னு அடிக்கும், மூணு நாலு மணிக்கு இடியோட கொட்டும், திறந்த திடல்ல கேனோப்பி கூடாரத்து இரும்புக் கம்பிய பிடிச்சுக்கிட்டு நிக்கறது ரொம்ப ஆபத்து. வெயிலும் சும்மா இல்ல, மூணு நாள் தொடர்ந்து 35லேர்ந்து 37 டிகிரி போச்சுன்னா வானிலைத் துறை லெவல் 1 எச்சரிக்கை போடும், மைசுவாச்சா (myCuaca) ஆப்ல பாத்துக்குங்க, அப்படி வந்தா டேவான் (மண்டபம்) உள்ளுக்கு மாத்திருங்க.

டீச்சரம்மா பீடோங்:

விளையாட்டு நான் சொல்றேன். முட்டை தேடறதுக்குப் பதிலா ரப்பர் கொட்டைக்கு பெயிண்ட் அடிச்சு ஒளிச்சு வைங்க, நாங்க பள்ளிக்கூடத்துல செஞ்சோம், புள்ளைங்களுக்குப் பயங்கர குஷி, பாதிப் புள்ளைங்களுக்கு அது என்ன கொட்டைன்னே தெரியல, தாத்தாக்கள்தான் வந்து ரெண்டு கொட்டைய உள்ளங்கைக்குக் கீழ வச்சு அழுத்தி யாருது ஒடையுதுன்னு போட்டி போட்டுக் காட்டினாங்க, பெயிண்டெல்லாம் கை பூரா. ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுங்ககிட்ட அதக் குடுக்காதீங்க, பச்சையா தின்னா விஷம். அதுங்களுக்குப் பிளாஸ்டிக் முட்டையே போதும், உள்ள மிட்டாய் போட்டு வச்சா சரி.

இன்னொண்ணு பல்லாங்குழி. மலாய்க்காரங்க சொங்காக்ல பக்கத்துக்கு ஏழு குழி, அதோட ரெண்டு முனையிலயும் வீடுன்னு பெரிய குழி, நம்மளுதுல ஏழேழு பதினாலு, பலகையில அவ்ளோதான் வித்தியாசம். ஒரு பாய் விரிச்சு ரெண்டு பலகையும் வைங்க, நம்ம பாட்டியும் மாக்சிக்கும் (மலாய்க்கார ஆன்ட்டியும்) ஒருத்தருக்கொருத்தர் சட்டம் சொல்லிக் குடுத்து, சண்டையும் போட்டு, நேரம் போறதே தெரியாது. கோலம் போட்டி வச்சா தனித்தனியா வைக்காதீங்க, ரெண்டு வீடு சேர்ந்து ஒண்ணுன்னு வைங்க, ஒண்ணு நம்ம வீடு, இன்னொண்ணு வேற இனத்துக்காரங்க. பரிசுன்னு ஹாம்பர் வாங்கிக் காச வீணாக்கவேணாம், எல்லாப் புள்ளைக்கும் ஒரு பென்சில் பாக்ஸ் போதும்.

சுகுணா ஆண்டி சமையல்:

சாப்பாட்டுக்கு கேட்டரிங் கூப்பிட்டீங்கன்னா இருக்கற காசு அதுலயே போயிரும். ஆளுக்கொரு தட்டு கொண்டு வரச் சொல்லுங்க, மாடும் வேணாம், பன்னியும் வேணாம்னு முன்னாடியே குரூப்ல தெளிவா போட்டுருங்க, யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க. நம்ம வீட்டுச் சட்டி பானைல சமைச்சத சாப்பிடச் சில மலாய்க்காரங்களுக்குத் தயக்கமா இருக்கும், அது அவங்க மார்க்கம், வருத்தப்படக் கூடாது, அதனால பசியாறறதுக்கு நாசி லெமாக்கும் மீ கோரேங்கும் உங்க தாமான் மாக்சிக்கிட்டயே ஆர்டர் குடுங்க, கோழின்னா ஹலால் கடைலேர்ந்து. நாம வடையும் கச்சானும் (கடலையும்) பாயசமும் பாத்துக்கலாம், வடைய கண்ணு முன்னாடி புது சட்டில சுட்டுப் போட்டா வரிசையே நிக்கும். மாங்கா பச்சடி மட்டும் மறந்துராதீங்க, வேப்பம்பூ கொஞ்சமா போடுங்க, சீனத்து ஆன்ட்டிங்க ரொம்ப ஆசையா வாங்கி ஒரு வாய் வச்சுட்டு முழிச்சாங்கன்னா பாவம்.

செடி மாத்திக்கறதும் வைங்களேன், காசே ஆகாது. கறிவேப்பிலை, பண்டான், செராய் (எலுமிச்சைப் புல்), துளசி, முருங்கைக் குச்சின்னு வீட்டுக்கொரு தொட்டி எடுத்துட்டு வரட்டும். முடிஞ்சதும் கப்பு தட்டு எல்லாம் பொறுக்கிருங்க, பிளாஸ்டிக் கப்புல மழைத் தண்ணி நின்னா ஒரே வாரத்துல ஏடிஸ் கொசு, அப்புறம் டெங்கிக்குப் புகை அடிக்க வந்துருவாங்க.

லோரோங் மூணு அக்கா:

அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 18ஆம் தேதி சனிக்கிழமைன்னு குரூப்ல போட்டுட்டேன், சிங் மிங் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டதும் சந்தோஷமாயிட்டாங்க. வீட்டுக்கு பத்து வெள்ளி (ரிங்கிட்), முடியாதவங்க வேல செஞ்சா போதும்னு பேச்சு. மேடை வேணும்னு ஒருத்தர் மட்டும் இன்னும் அடம் பிடிக்கறாரு, அவரையே கயிறு இழுக்கறதுக்கு ரெஃப்ரியாக்கிட்டோம். உறியடிக்குப் பானை எங்க கிடைக்கும், சின்னப் புள்ளைங்கள வச்சு அது சரி வருமா?

பால்மரத்துப் பையன்:

சுங்கை பட்டாணில பூஜை சாமான் கடைல கேளுங்க அக்கா, பொங்கலுக்கு வந்த மண்பானை மிச்சம் இருக்கும், வாய் லேசா ஒடைஞ்சதா இருந்தா விலையும் கொறைச்சுக் குடுப்பாங்க. பானைல மஞ்சத் தண்ணி ஊத்துங்க, மிட்டாய்ய பிளாஸ்டிக்ல கட்டி உள்ள போடுங்க. கீழ தார்ப்பாய் விரிச்சுருங்க, ஓடு புல்லுல கிடந்தா செருப்பில்லாத கால்ல ஏறும். கம்பு வீசறவன் நாலு பக்கமும் சுத்துவான், அதனால கயிறு கட்டி கூட்டத்த நல்லாத் தள்ளி நிறுத்தணும், பானைய ஏத்தி எறக்கற கயிற பெரியவங்க ஒருத்தர் பிடிக்கணும். சின்னதுங்களுக்கு வேணாம், தண்ணி பலூன் கட்டித் தொங்க விட்டு பேட்டாலயோ நியூஸ்பேப்பர் சுருட்டியோ அடிக்க விடுங்க. மாத்துத் துணி கொண்டு வரச் சொல்லி குரூப்ல போட்டுருங்க, இல்லன்னா அம்மாங்க உங்களத்தான் திட்டுவாங்க.