வயசான பிறகு ஆன்லைன் உலகத்துக்குள்ள போனவங்க, அங்க யாரைப் பாத்தீங்கன்னு சொல்லுங்க

தையலக்கா, கோத்தகிரி:

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு 46 வயசு, சின்னதா தையல் கடை, ஜாக்கெட், ஃபால்ஸ், பிக்கோ எல்லாம் பண்றோம். பையன் காலேஜ் போறப்ப அவன் பழைய போனை என்கிட்ட குடுத்துட்டுப் போனான், அதுல ஸ்கைன்னு ஒரு கேம் இருந்துச்சு. ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட், 2019ல ஐபோனுக்கு வந்து அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. சுடறது கிடையாது, பாயிண்ட் கிடையாது, ஃபர்ஸ்ட்டு செகண்டும் கிடையாது. தோள்ல ஒரு துணி போட்ட குட்டி உருவம் மணல்லயும் மேகத்துலயும் நடக்கும், அங்கங்க மெழுகுவத்தி ஏத்தும், ஒளி சேர்ந்தா பறக்கும், அவ்ளோதான்.

ஆனா அங்க திரியற மத்த உருவம் எல்லாம் நிஜ ஆளுங்க. முதல்ல நமக்கு வெறும் சாம்பல் நிழலாத்தான் தெரிவாங்க, நாம மெழுகுவத்திய நீட்டி அவங்களும் வாங்கிக்கிட்டாதான் முகமும் உடுப்பும் தெரியும். அப்பவும் பேரு தெரியாது, ஃப்ரெண்ட் ஆனா நாமளே ஒரு பேரு வச்சுக்கணும், என்ன வச்சோம்னு அந்த ஆளுக்குத் தெரியாது. சும்மா டைப் பண்ணிப் பேசவும் முடியாது, சேந்து பெஞ்சுல உக்காந்தா பேசலாம், மத்தபடி கூவலாம், கும்பிடலாம், கை ஆட்டலாம்.

இது ஏன் எனக்கு இவ்ளோ பிடிச்சுதுன்னா, எங்க ஊர்ல டானிங்டன்ல இருந்து மார்க்கெட் வர்றதுக்குள்ள பையனுக்கு வேலை கிடைச்சுதா, வீட்டுக்காரருக்கு சுகர் எவ்ளோ இருக்கு, அந்த ஜாக்கெட்டு எப்ப தருவேன்னு ஆளாளுக்குக் கேட்டுருவாங்க, பாசந்தான், குறை சொல்லல, ஆனா நான் யாரு எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாத இடத்துல அரை மணி நேரம் சுத்திட்டு வர்றதுக்கு நம்ம மலையில எங்க போறது சொல்லுங்க. சாயங்காலம் இருட்டிட்டா கரடி நடமாட்டம், தேயிலைக்குள்ள காட்டுமாடு நிக்கும், கடையைச் சாத்திட்டு நேரா வீடுதான்.

அதுல மழைக்காடு ஒண்ணு இருக்கு. மழையில நனைஞ்சா நம்ம ஒளி கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஒதுங்கி நிக்கணும். வெளியில ஐப்பசி மழை, உள்ளயும் மழை, நான் ஒரு மரத்தடியில நகராம நிக்கிறேன், கேமராவை ஒரு விரல்ல திருப்பி இன்னொரு விரல்ல நடக்கறது எனக்கு அப்ப கைக்கு வரல. ஒரு நிழல் தாண்டிப் போச்சு, திரும்பி வந்துச்சு, கையை நீட்டுச்சு. கை பிடிச்சிட்டா நாம எதையும் தொட வேண்டாம், அவங்க பறந்தா நாமளும் கூடவே போவோம், பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒருத்தர் ஒளி இன்னொருத்தருக்கும் ஏறும். அந்தக் காடு முழுக்க அந்த ஆளு என்னைக் கூட்டிட்டுப் போய் மூலை முடுக்கெல்லாம் காட்டிட்டு கடைசியில ஒரு பெஞ்சுல உக்காந்து என்னமோ எழுதுனாங்க, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. நான் தமிழ்ல "ரொம்ப நன்றிங்க, சாப்டீங்களா"ன்னு எழுதுனேன், வேற என்ன எழுதறது? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கும்பிட்டுக்கிட்டோம். ஆம்பளையா பொம்பளையா, பத்து வயசா அறுபது வயசான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் வச்ச பேரு மழைத்தம்பி. இப்பவும் அப்பப்ப வரும்.

அதே காட்டுல ஒரு பாட்டி வீடு மாதிரி மேசை இருக்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அங்க விருந்து, போய் சும்மா உக்காந்தாலே மெழுகு சேரும். முன்னப்பின்ன தெரியாதவங்க சுத்தி உக்காந்துருப்போம், ஒருத்தர் யாழ் வாசிப்பாரு, ஒருத்தர் தூங்கிருவாரு. கல்யாண வீட்டுப் பந்தியில கூட இவ்ளோ நிம்மதியா நான் உக்காந்ததில்ல, அங்கயும் யாராச்சும் அளவு ஜாக்கெட்டோட வந்துருவாங்க.

கேம்ல ஒரு நாள் கணக்கு அமெரிக்கா மேற்குக்கரை நடுராத்திரிக்கு மாறும், நமக்கு மதியம் 12.30, அவங்க குளிர்காலத்துல 1.30. அதனால மதியச் சாப்பாடு முடிச்சதும் கொஞ்ச நேரம் மிஷின் ஓடாது, வீட்டுக்காரருக்கும் பழகிருச்சு.

ஊட்டி_பிளாக்:

அக்கா செம. நான் மின்கிராஃப்ட் ஆளு, பிளாக்னு சதுரக் கட்டிய அடுக்கி அடுக்கி உலகம் கட்டற கேம். வயசு 38, ரெண்டு குழந்தைங்க. முதல்ல குழந்தைங்களுக்குத்தான் வாங்குனது, அவங்க விட்டுட்டாங்க நான் விடல. அதுல ஒரு நாள்னா வெறும் 20 நிமிஷம், ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள இருட்டிரும். கோயம்புத்தூர்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், துபாய்ல ஒருத்தன், எல்லாம் ஒரே உலகத்துல நீலகிரியக் கட்டிட்டு இருக்கோம்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஒரு பிளாக்குக்கு பத்து மீட்டர்னு வச்சா 264 பிளாக், கடல்மட்டமே 63ல ஆரம்பிக்குது, கூட்டுனா 327, மேல 320க்கு மேல கட்ட விட மாட்டான். உச்சிய வெட்டிரலாம்னான் துபாய்க்காரன், அதெப்படிடா வெட்டுறதுன்னு ஒரு வாரம் சண்டை, அப்புறம் 12 மீட்டர்னு கணக்கு போட்டு வேலை ஆரம்பிச்சோம். தேயிலைச் செடி மின்கிராஃப்ட்ல இல்ல, 2021 அப்டேட்ல வந்த அசேலியா புதரை வரிசையா நட்டா தூரத்துல இருந்து கேத்தி பள்ளத்தாக்கு அப்படியே தெரியும். மேட்டுப்பாளையம்-ஊட்டி மலை டிரெயின் வேலைதான் இழுக்குது. நிஜத்துல 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், கல்லாறு தாண்டினா பல்சக்கரத்துல ஏறும். மின்கிராஃப்ட் தண்டவாளம் ஏறுனா நேரா 45 டிகிரிதான், அதனால கொஞ்சம் சமதளம் ஒரு படி, கொஞ்சம் சமதளம் ஒரு படின்னு போட்டுட்டு இருக்கோம், குன்னூர் எப்ப வரும்னு சத்தியமா தெரியல.

ஒருநாள் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னு ஒருத்தர் உள்ள வந்தாரு, ஹில்குரோவ் பக்கம் நின்னு பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஸ்டேஷன்ல தண்ணித் தொட்டி இருக்கற இடம் தப்புன்னு மட்டும் எழுதிட்டு அவரே பிரிச்சு மாத்திக் கட்டிட்டுப் போய்ட்டாரு. அந்த லைன்ல வேலை பாத்தவராம், பின்னாடிதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா சார்னு கூப்பிட்டு சேர் போட்டுருப்போம், தெரியாததால "ப்ரோ கல்லு எடுத்துட்டு வாங்க"ன்னு வேலை வாங்கிட்டு இருந்தோம் 😂

தையலக்கா, கோத்தகிரி:

அதேதான் தம்பி நான் சொல்றது. சார்னு தெரிஞ்சிருந்தா கல்லு சுமக்க விட்டுருப்பீங்களா.

நைட்டூட்டி, கொடைக்கானல்:

லாட்ஜ்ல ரிசப்ஷன் பாக்கிறேன், சீசன் இல்லாத மாசம் ராத்திரி முழுக்க சும்மாதான். செகண்ட் லைஃப்னு ஒரு ஆன்லைன் உலகம், 2003ல வந்தது, இன்னும் ஓடுது. பழசு, கிராஃபிக்ஸ் சுமார், புதுசா போறவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது, லேப்டாப்பு நல்லதா வேணும். என்ன பண்ணணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அதுல இருக்கற வீடு, கடை, படகு, மரம் முக்காவாசி அங்க வாழற ஜனங்களே செஞ்சது, லிண்டன் டாலர்னு அந்த உலகத்துக் காசுல வித்துக்குவாங்க. அங்க கடிகாரம் கலிஃபோர்னியா டைம், நமக்கு நடுராத்திரின்னா அவங்களுக்கு உச்சி நேரம், அதனால என் டூட்டி நேரத்துல ஊரே நிரம்பியிருக்கும்.

நான் மலையிலயே பொறந்து வளந்தவன், எனக்குத் தெரிஞ்ச படகு நம்ம ஏரியில காலால மிதிக்கிறது. பிளேக் சீன்னு அங்க ஒரு கடல் இருக்கு, பாய்மரப் படகு ஓட்டுறவங்க கூட்டம். கரையில நின்னு பாத்துட்டு இருந்தேன், ஒருத்தர் ஏறிக்கன்னாரு. காத்து வர்ற திசைக்கு நேரா பாய் போகாது, சாய்ச்சு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு வளைஞ்சு வளைஞ்சுதான் மேல ஏறணும்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாரு, நான் உடனே அது எங்க ஊரு காட் ரோடு சார்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. 256 மீட்டருக்கு 256 மீட்டர்னு கட்டம் கட்டமா இருக்கு அந்த உலகம், ஒரு கட்டத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டும்போது சில நேரம் படகு ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம் தண்ணிக்குள்ள போயிரும். அதுக்கும் அவங்க கோபப்படறதில்ல, நீந்தி வந்து மறுபடி ஏறிக்குவாங்க. முந்தாநேத்து ரேஸ் நடந்துச்சு, நான் கடைசி. முடிவுல எல்லாரும் கரையில நின்னு கை தட்டுனாங்க, அந்த நேரம் பாத்து கீழ நிஜ கஸ்டமர் பெல் அடிச்சு ஹாட் வாட்டர் வரலைங்கறாரு.

மிளகுக்கொடி, தாண்டிக்குடி:

படிக்கவே ஆசையா இருக்கு. தையலக்கா, அந்த ஸ்கைக்கு காசு கட்டணுமா? என் போன் வேற பழசு.

தையலக்கா, கோத்தகிரி:

இறக்கறது ஃப்ரீதான் கண்ணு. உடுப்பு, தலைமுடி, சீசன் பாஸ்னு விப்பாங்க, வாங்கலைன்னாலும் எல்லா இடமும் சுத்தலாம், நான் ஒரே ஒரு தொப்பி வாங்குனேன். பழைய போன்னா சூடாகும், கிராஃபிக்ஸை குறைச்சு வச்சுக்கோ, வைஃபை இருக்கற இடத்துல இறக்கு, சைஸ் பெருசு. போட்டதும் ஃப்ரெண்ட் க்யூஆர் அனுப்பு, முதல் மணல் திட்டுல நில்லு, நான் வர்றேன், கையை மட்டும் பிடிச்சுக்கோ. ஜாக்கெட் அளவு கேக்க மாட்டேன் 😄