எதிர்த்தரப்புக்கு இடும் பெயர்: முத்திரையா, வசையா, சாட்டா?

மடல்

குழுவினர்க்கு வணக்கம்.

அரசியல் வாதங்களில் ஒரு தரப்பு மறுதரப்புக்கு இடும் பெயரைக் குறிக்க நம் கலைச்சொல் தொகுப்பில் சொல் இல்லை. ‘லேபிள்’ என்றே எழுதிவருகிறோம். ஒரு தரப்பு தனக்கே வைத்துக்கொள்ளும் பெயருக்கும் அதே சொல்தான். எது யார் வைத்தது என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. ‘முத்திரைப்பெயர்’ பொருந்துமா? ‘முத்திரை குத்துதல்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

மறுமொழி

ஐயா, ‘முத்திரை குத்துதல்’ வினையாக இருக்கும்வரை சரி. பெயராக்கினால் பொருள் நழுவுகிறது. வணிக முத்திரை உடையவரே இட்டுக்கொள்வது. ‘முத்திரை பதித்தார்’ என்பது பாராட்டு. ‘பட்டப்பெயர்’ அன்பினாலும் வரும்.

‘வசைப்பெயர்’ என்றும் சிலர் கேட்கக்கூடும். அது போதாது. 1787இல் அமெரிக்க அரசமைப்பு வரைவை ஆதரித்தவர்கள் ‘ஃபெடரலிஸ்ட்’ (கூட்டாட்சியர்) என்ற பெயரைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் தலையில் ‘ஆன்டி-ஃபெடரலிஸ்ட்’ (கூட்டாட்சி எதிர்ப்பாளர்) விழுந்தது. மாநிலங்களின் கூட்டாட்சியைக் காப்பது நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். அந்தப் பெயரே அவர்கள் வாதத்தைப் பறித்துவிட்டது. அதில் வசை ஓரெழுத்தும் இல்லை. ஆனால் குற்றச்சாட்டு முழுதாக இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: பிறர் இடுவது சாட்டுப்பெயர், தானே வைத்துக்கொள்வது தற்பெயர் (தற்பெருமை போல). சாட்டுதல் என்ற வினையும் கூடவே கிடைக்கிறது.

மூன்றாவது ஒரு வகைக்கும் சொல் வேண்டும். 1906இல் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களை மட்டம்தட்ட ‘டெய்லி மெயில்’ இதழ் ‘சஃப்ரஜெட்’ என்று எழுதியது. ‘-எட்’ சிறுமைப்படுத்தும் விகுதி. போராட்டத் தலைவர்களில் ஒருவரான எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அணியினர் அதையே எடுத்துக்கொண்டு, 1912இல் தங்கள் இதழுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். இதற்கு ‘மீட்புப்பெயர்’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவது தவறு. அவர்கள் இழந்ததை மீட்கவில்லை, எறிந்ததை ஏற்றார்கள். ‘ஏற்புப்பெயர்’ என்போம்.

விக், டோரி என்ற இங்கிலாந்துக் கட்சிப் பெயர்கள் இரண்டும் 1679–81 அரியணை உரிமைச் சிக்கலில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டவை. ‘டோரி’ அயர்லாந்தின் வழிப்பறிக்காரனைக் குறித்த சொல். இன்று அதைச் சொல்பவர் யாரும் கொள்ளையனை நினைப்பதில்லை. காரணப்பெயராகப் பிறந்து இடுகுறியாகிவிட்டது. ஏற்புப்பெயரின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் இதுதான்.

மறுமொழி

தற்பெயரும் ஏற்புப்பெயரும் நன்று. ‘சாட்டுப்பெயர்’ ஈழத்தில் இடறும், ஐயா. எங்களிடம் ‘சாட்டு’ என்றால் நொண்டிச்சாக்கு. ‘சும்மா சாட்டுச் சொல்லாதை’ என்று பிள்ளைகளைப் பேசுவோம். சாட்டுப்பெயர் என்றால் சாக்குக்கு வைத்த பெயர் என்றே விளங்கும்.

இன்னொன்று. தற்பெயர் தானாகவே நியாயமானது என்ற எண்ணம் வரக்கூடாது. ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் 1903 பேராயத்தில் கட்சி உறுப்பினர் யார் என்ற விதியில் லெனின் அணி தோற்றது. பிறகு பண்டு என்ற யூதத் தொழிலாளர் அமைப்பினர் 5 பேரும் வேறு 2 பேரும் வெளியேறியதால்தான் இதழாசிரியர் குழுத் தேர்தலில் வென்றது. அந்த ஒரு வெற்றியை வைத்து ‘போல்ஷெவிக்’, அதாவது பெரும்பான்மையர் என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. எதிரணியான மார்த்தோவ் அணி ‘மென்ஷெவிக்’, அதாவது சிறுபான்மையர் என்பதை மறுக்காமல் விட்டது பெரும்பிழை.

மறுமொழி

ஈழ வழக்கைச் சுட்டியதற்கு நன்றி. ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை எடுத்துவிட்டால் தீரும்: சாட்டுபெயர். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. சாட்டிய, சாட்டுகின்ற, சாட்டும் பெயர் என மூன்று காலமும் அடங்கும். எழுதுவோர் பழக்கத்தில் ‘ப்’ போடுவார்கள். தொகுப்பிலேயே ‘ஒற்று மிகாது’ என்று குறித்துவிடலாம்.

செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பும் தேவை. அமெரிக்கக் கருக்கலைப்பு விவாதத்தில் ‘ப்ரோ-லைஃப்’ (கருக்கலைப்பை எதிர்ப்போர்), ‘ப்ரோ-சாய்ஸ்’ (அதை உரிமையாகக் கேட்போர்) இரண்டும் தற்பெயர்கள். முன்னதை ‘வாழ்வாதரவாளர்’ என்று பெயர்த்தால் வாழ்வாதாரம் நினைவுக்கு வரும். ‘உயிர் காப்போர்’ என்றால் மறுதரப்பைக் கொலைகாரர் ஆக்கியாயிற்று. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக்கையேடு இரண்டையும் மேற்கோளிலும் அமைப்புப் பெயரிலும் மட்டுமே அனுமதிக்கிறது. நாமும் அப்படியே செய்யலாம்: ஒருவர் பேச்சிலும் அமைப்பின் பெயரிலும் வந்தால் ஒலிபெயர்த்து மேற்கோள்குறி, நம் குரலில் ‘கருக்கலைப்பு எதிர்ப்பாளர்’, ‘கருக்கலைப்பு உரிமை ஆதரவாளர்’. இவற்றை ‘நடுநிலைப்பெயர்’ என்று அழைக்க வேண்டாம், நடுநிலை என்று இரு தரப்பும் ஒப்பாது. ‘நிலைப்பாட்டுப்பெயர்’ போதும்.

மிச்சமிருப்பது ‘உ.பி.’ போன்றவை. கலைஞர் தொண்டர்களை விளித்த ‘உடன்பிறப்பு’ தற்பெயர். அதன் சுருக்கத்தை இன்று எதிர்த்தரப்பு ஏளனமாக எறிகிறது. ஏற்புப்பெயருக்கு நேர்த்தலைகீழான பயணம். ‘திரிபெயர்’ என்று வைக்கத் தோன்றுகிறது, ஆனால் ‘திரி’க்கு அலைதல் என்ற பொருளும் உண்டு. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்கையும் தொகுப்பில் ஏற்றிவிடலாம்.