ஷோப்பானின் இரண்டு பொலோனேஸ்: பள்ளி விழாவுக்கு எது?

சாட்ஸ்வொர்த் அம்மா:
வணக்கம். மகனுக்குப் பதினாறு வயது, பியானோ படிக்கிறான். பள்ளி விழாவில் எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓபஸ் 40-ஐ, அதாவது போலந்து நடன நடையில் அமைந்த இரண்டு பொலோனேஸ்களை, கொடுத்து, இரண்டில் ஒன்றை அவனையே எடுக்கச் சொல்லிவிட்டார். அவனுக்கு முதலாவதுதான் வேண்டுமாம், 'மிலிட்டரி' என்பார்களே, அந்த ஏ மேஜர். சாயந்திரம் முழுக்க வீடே அதிர்கிறது. எனக்கு இரண்டாவது, சி மைனர், பிடித்திருக்கிறது. அவனோ "அதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்கிறான். நான் வீணை கொஞ்சம் கற்றவள், பியானோ தெரியாது. எது சரி?

டர்பன் பியானோ வாத்தியார்:
அக்கா, 'ஒண்ணுமே நடக்கலை' என்கிறானா? அப்படியென்றால் வலது கையை உரக்க வாசிக்கிறான். சி மைனரில் பாட்டு இடது கையில் இருக்கிறது. கீழே ஆக்டேவ்களில் (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து) ராகம் நகர, வலது கை மேலே கார்டுகளை (பல ஸ்வரங்கள் ஒன்றாக) சீராகத் தட்டிக்கொண்டிருக்கும், தம்பூரா போல. அது முன்னால் வந்துவிட்டால் வெறும் தட்டல்தான் காதில் விழும். கொஞ்ச நாள் இடது கையை மட்டும் வாசிக்கட்டும்.

ஏ மேஜர் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். ஃபோர்ட்டே, ஃபோர்ட்டிஸ்ஸிமோ (உரக்க, மிக உரக்க) என்றே போகும் துண்டு அது. போதாததற்கு ஒவ்வொரு பகுதியும் திரும்பத் திரும்ப வரும். முதல் பக்கத்திலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிட்டால், நடுவில் டி மேஜர் பகுதி வரும்போது கையில் என்ன மிச்சம்?

இரண்டும் 1838-ல் எழுதியவை, 1840-ல் அச்சானவை, நண்பர் ஜூலியன் ஃபொன்டானாவுக்குக் காணிக்கை. ஷோப்பான் 1830-ல் போலந்தின் வார்சா நகரை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டே ருஷ்யப் படை அங்கே போலந்து மக்களின் எழுச்சியை நசுக்கியது. முதலாவது போலந்தின் பெருமை, இரண்டாவது அதன் வீழ்ச்சி என்று ருஷ்யப் பியானோ மேதை அன்டன் ரூபின்ஸ்டைன் சொன்னதாகச் சொல்வார்கள். பையனிடம் இதையும் சொல்லுங்கள், பதினாறு வயதுக்குக் கதை வேண்டும்.

லெனேசியா ரசிகன்:
வாத்தியார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் பள்ளி ஹால் அண்ணா! பின்வரிசையில் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தத்தில் சி மைனரின் தொடக்கம் யாருக்குக் கேட்கும்? மிலிட்டரியை வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடியும், கைதட்டலும் நிச்சயம்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
இடது கையை மட்டும் வாசிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே உட்கார்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இப்போது அவனுக்கே குழப்பம்!

டர்பன் பியானோ வாத்தியார்:
நல்ல குழப்பம்தான். முடிவு செய்வதற்கு முன் ஹால் பியானோவை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். நம் டர்பன் ஈரக்காற்றில் மரம் உப்பி கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதியும் நிற்காது. அடிக்கட்டைகள் மங்கிப்போயிருந்தால் சி மைனர் வேண்டாம், ராகமே அங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டைகள் தெளிவாக ஒலித்தால் என் ஓட்டு உங்கள் சி மைனருக்கு, அக்கா. லெனேசியா தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி.