டெக்சாஸ்: ஏழு நாளில் எதை விடுவது?

கேட்டவர்: மார்ச் கடைசியில் ஹூஸ்டனில் இறங்குகிறோம். சான் அன்டோனியோ, ஆஸ்டின், டாலஸ், அப்புறம் பிக் பெண்ட் தேசியப் பூங்கா, எல்லாவற்றையும் காரிலேயே முடித்துவிடலாமா?

வழிப்போக்கன்: வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹூஸ்டனிலிருந்து மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோவே சுமார் 1,200 கி.மீ., போய்ச் சேரும்போது நேர மண்டலம் மாறி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கும். பிக் பெண்டுக்கு மட்டுமே மூன்று நாள் வேண்டும், அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள்.

மல்லி: டாலஸை விடுங்கள். ஆஸ்டின் காங்கிரஸ் அவென்யூ பாலத்தில் பொழுது சாயும்போது நின்றால், அடியிலிருந்து வௌவால்கள் கரும்புகை மாதிரி கிளம்பும். ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் சாலையோரம் நீல புளூபானெட் பூத்திருக்கும், ஆனால் படம் எடுக்க நடுவில் போய் உட்காராதீர்கள், பாம்பு இருக்கலாம்.

கேட்டவர்: சரி, டாலஸ் கட். பாம்பைச் சொன்னதும் என் மனைவி பூவையும் கட் செய்துவிட்டார்.