களிமண்ணுல சம்பங்கிக் கிழங்கு அழுகுது, மண்ண எப்படி சரி பண்றது?

சத்தி தோட்டம்:
வணக்கம். சத்தியமங்கலம் பக்கம் 15 சென்ட்ல சம்பங்கி இருக்கு, மண்ணு கெட்டியான கருங்களி, மழை பெஞ்சா கால் வழுக்கும் காய்ஞ்சா விரல் நுழையுற அளவுக்கு வெடிச்சுக்கும். ஐப்பசி மழையில தண்ணி நின்ன பக்கமெல்லாம் செடி மஞ்சளாகி, புடுங்கிப் பாத்தா கிழங்கு கொழகொழன்னு கிடக்கு. மேடா இருக்கிற வரப்போரம் மட்டும் நல்லா பூக்குது. ஆனி மாசம் புதுசா நடப்போறோம். ஒருத்தர் ரெண்டு லோடு மணல் கொட்டி கலந்துருங்கன்றாரு, இன்னொருத்தர் ஜிப்சம் போடச் சொல்றாரு. எது சரி?

நிலக்கோட்டை பூக்காரர்:
தம்பி, மணல் வேண்டவே வேண்டாம். 15 சென்ட்டுன்னா 6500 சதுர அடிக்குப் பக்கம் வரும், அரை அடி ஆழத்துக்கு கணக்கு போட்டாலே 3000 கன அடிக்கு மேல மண்ணு, அதுல பாதியாவது மணல் ஆனாத்தான் களியோட குணம் மாறும். அதுக்கு 15 யூனிட்டுக்கு (யூனிட்டுன்னா 100 கன அடி) மேல வேணும், அந்தக் காசுக்கு எத்தனை வண்டி குப்பை வாங்கலாம்! ரெண்டு லோடு போட்டா மணலுக்கு நடுவுல களி போய் அடைச்சு, காய்ஞ்சதும் கல்லு மாதிரி இறுகிடும்.

உங்க வரப்போரமே பதில் சொல்லிடுச்சு பாருங்க. மேட்டுப்பாத்தி ஒரு அடி உயரத்துக்கு எடுங்க, நடுவுல வாய்க்கால் விட்டு கடைசியில தண்ணி வெளிய போக வடிகால் வெட்டுங்க. தண்ணி போக வழியில்லாம என்ன உரம் போட்டாலும் கிழங்கு தப்பிக்காது.

அம்மணி அக்கா:
மேட்டுப்பாத்தி சரிதான், ஆனா மண்ணு பொலபொலன்னு ஆகணும்னா பசுந்தாள் உரம்தான். பங்குனியில தக்கைப்பூண்டு வெதச்சு விடுங்க, ஏக்கருக்கு 20 கிலோ கணக்குல உங்களுக்கு 3 கிலோ போதும், 45 நாள்ல பூ எடுக்கிறப்ப மடக்கி உழுதுருங்க, அது மக்க ரெண்டு மூணு வாரம் விட்டு அப்புறம் நடுங்க. கூடவே ஒன்றரை டன் தொழு உரம், நல்லா மக்கினதா இருக்கணும், பச்சைச் சாணி போட்டா அழுகல் கூடத்தான் செய்யும். சம்பங்கி ரெண்டு மூணு வருஷம் அதே இடத்துல நிக்கிற பயிரு, நட்டப்புறம் அடிமண்ண தொட முடியாது, அதனால செய்யறத இப்பவே செஞ்சுருங்க.

இன்னொண்ணு, ஈரமா இருக்கிறப்ப டிராக்டர இறக்காதீங்க சாமி. ஒரு கைப்பிடி மண்ண உருண்டை புடிச்சு விரலால அழுத்திப் பாருங்க, உதிர்ந்தா பதம், நசுங்கி ஒட்டிக்கிட்டா இன்னும் காயணும். சேறுல உழுதா ஒரு வருஷத்து வேலை வீண்.

சத்தி தோட்டம்:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. போன வருஷம் மண் பரிசோதனை பண்ணப்ப பிஎச் (மண்ணோட அமில-கார அளவு) 7.8, உப்பு கம்மின்னு வந்துச்சு. அப்ப ஜிப்சம்? தென்னை நார்க்கழிவு இங்க நெறய கெடைக்குது, அதப் போடலாமா?

களர் நிலம்:
ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் கூடிப்போன மண்ணுக்கு, அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோடியத்த வெளிய தள்ளி விடுறதாலதான் மண்ணு இளகுது. பிஎச் 8.5 தாண்டி சோடியமும் கூட இருந்தா கண்டிப்பா போடுங்கன்னு சொல்லுவேன், உங்க மண்ணுக்கு அது செலவுதான்.

நார்க்கழிவ பச்சையா போடாதீங்க, மக்கறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கும், செடி வெளுத்துப் போயிடும். மக்க வச்சது கெடைச்சா தாராளமா போடுங்க.

நிலக்கோட்டை பூக்காரர்:
அழுகின செடியில இருந்த கிழங்கையும் அதுகூட ஒட்டியிருந்ததையும் நடாதீங்க, தோட்டத்துக்கு வெளிய கொண்டு போய் எரிச்சுருங்க. விதைக்கிழங்கு 25 கிராமுக்குக் கொறையாம எடுத்து மேலாக்க, ஒரு இஞ்ச் ஆழத்துல நடுங்க, களியில ஆழமா போனா மூச்சு முட்டும். தொழு உரத்தோட டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோய அடக்குற நல்ல பூஞ்சாணம்) கலந்து கொஞ்ச நாள் நிழல்ல ஈரமா வச்சுட்டுப் போடுங்க. வைகாசியில பாத்தி எடுத்ததும் ஒரு போட்டோ போடுங்க தம்பி, வடிகால் எந்தப் பக்கம் விடலாம்னு பாத்துச் சொல்றேன்.